செம்பேன் நடத்திய மாலைப் பள்ளி

ஆப்பிரிக்கத் திரைப்படக் கலையின் தந்தை என்று உலகம் ஒருவரைக் குறிப்பிடுகின்றது. அவர் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் நாட்டினரான உஸ்மான் செம்பேன். காலவரிசையை மட்டும் நோக்கின் இப்பட்டம் அவருக்கு முழுதும் உரியதன்று. பவுலின் வியேரா என்பாரும் அவர்தம் நண்பர்களும் 1955-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் ஒரு குறும்படம் எடுத்துவிட்டனர். ஆயினும் அப்பட்டம் செம்பேனுக்கே நிலைத்தது. அதற்குக் காரணம், அவர் எடுத்த படங்களின் எண்ணிக்கை மட்டுமன்று. பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஒருவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒருவர், முதுகெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்த ஒருவர், நாற்பதை நெருங்கும் வயதில் மாணாக்கராகிக் காமிராவைக் கையிலேந்திய வரலாறு அது. அதனினும் வியப்பு ஒன்றுண்டு. காமிராவை ஏந்தும்போது அவர் புகழ்பெற்ற நாவலாசிரியராக இருந்தார். எழுத்தில் வென்றவர் எழுத்தை விட்டுப் படத்துக்கு ஏன் போனார் என்னும் வினா மொழி கற்பிப்போர் அனைவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

செம்பேன் 1923-ஆம் ஆண்டில் செனகலின் தென்பகுதியாகிய காசமான்ஸில், சிகிங்ஷோர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மீனவர், டாக்கார் கரையோரத்து லெபு வகுப்பினர். நாடு அப்போது பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்தது. பள்ளி என்றால் பிரெஞ்சுப் பள்ளிதான். பிரெஞ்சு மொழியில் தேறிச் சான்றிதழ் பெற்றவன் எழுத்தர் வேலைக்குப் போகலாம். பெறாதவன் வலைக்கோ மண்வெட்டிக்கோ போக வேண்டும். செம்பேனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும்போது அந்தக் கதவு அடைபட்டது. தலைமையாசிரியர் தம்மை அடிக்க, அவர் திருப்பி அடித்தார் என்பது வரலாறு கூறும் செய்தி. அடித்த ஆசிரியருக்கு என்ன நேர்ந்தது என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. பையன் பள்ளியை விட்டு விலக்கப்பட்டான். அத்துடன் அவனுடைய முறையான கல்வி முடிந்தது.

தந்தையாரோடு கடலுக்குப் போகலாம் என்றால், கடலும் அவனை ஏற்கவில்லை. படகேறினால் தலைசுற்றலும் குமட்டலும். மீனவன் மகனுக்குக் கடல் ஒவ்வாமற் போவது பிறர் நகைக்கக் கூடிய செய்தியாகலாம். அக்குடும்பத்துக்கு அது சோற்றுக் கவலை. 1938-ஆம் ஆண்டில் டாக்கார் நகருக்கு அனுப்பப்பட்டான். கொத்து வேலை, இயந்திரம் பழுது பார்த்தல் எனக் கிடைத்த வேலைகளைச் செய்தான். 1944-இல் போர்ப்படைக்கு அழைக்கப்பட்டான். பிரான்சின் விடுதலைக்காகப் போரிடுக என்று ஆப்பிரிக்க இளைஞருக்குக் கூறிய அந்நாட்டார், ஆப்பிரிக்காவின் விடுதலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. படைவாழ்க்கை செம்பேனுக்குக் கற்பித்த முதற் பாடம் இதுவே.

போர் முடிந்து ஊர் திரும்பியபோது டாக்கார் கொதித்துக் கொண்டிருந்தது. டாக்காரையும் நைஜர் ஆற்றங்கரையையும் இணைத்த இரயில் பாதையின் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள், வெள்ளைத் தொழிலாளர்க்குள்ள உரிமைகளைத் தமக்கும் கேட்டு 1947 அக்டோபர் 10-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது 1948 மார்ச் 19 வரை நீண்டது. ஐந்து மாதங்களுக்கு மேலாகச் சம்பளமில்லை, கடையிற் கடனில்லை, அரிசியில்லை. அந்நாட்களில் குடும்பங்களைக் காத்தவர்கள் பெண்கள். இந்நிகழ்ச்சி செம்பேனின் உள்ளத்தில் ஊன்றி நின்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் நாவலாக முளைத்தது.

அக்காலத்தை ஒட்டியே அவர் பிரான்சுக்குக் கப்பலேறினார். பயணச்சீட்டில்லாமல் ஒளிந்து சென்றார். பாரிஸில் சில காலம் மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்து, பின்னர் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளியானார். அங்கே தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்; பொதுவுடைமைக் கட்சியிலும் சேர்ந்தார். வியட்நாமில் பிரான்சு நடத்திய குடியேற்ற நாட்டுப் போருக்கு அனுப்பப்பட்ட ஆயுதங்களைக் கப்பலில் ஏற்ற மறுத்து மார்செய்த் தொழிலாளர் நடத்திய கிளர்ச்சியில் அவருக்கும் பங்குண்டு.

1951-ஆம் ஆண்டில் சுமை தூக்கும்போது நேர்ந்த விபத்தில் அவருடைய முதுகெலும்பு முறிந்தது. பல மாதங்கள் படுக்கை. எழுந்தபின்னும் முன்போற் சுமக்க இயலாது. உடலுழைப்பை மட்டும் நம்பி வாழும் ஒருவனுக்கு இதனினும் பெரிய இழப்பு வேறில்லை. பள்ளி போயிற்று, கடல் போயிற்று, இப்போது முதுகும் போயிற்று. ஆனால் தொழிற்சங்கம் அவரைக் கைவிடவில்லை. எளிய வேலை கிடைத்தது. அதனினும் மேலாகச் சங்கத்தின் நூலகம் கிடைத்தது. பள்ளி தராத படிப்பை அந்நூலகம் தந்தது. ஜமைக்காவிற் பிறந்த கிளாட் மெக்கே, ஹெய்ட்டி நாட்டு ழாக் ருமேன் ஆகிய கறுப்பின எழுத்தாளர்களை அவர் அக்காலத்தில் கற்றார். மார்செய்த் துறைமுகத்தைப் பற்றி மெக்கே எழுதிய நாவலைப் படித்தபோது, தாம் நடக்கும் தெருக்களையே ஒருவர் எழுத முடியும் என்பதை அவர் கண்டிருப்பார் என்று கொள்வதில் தவறில்லை.

1956-இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. பெயர் ‘கறுப்பு மூட்டைதூக்கி’. துறைமுகத் தொழிலாளி ஒருவன் நாவல் எழுதுகின்றான். வெள்ளைக்கார எழுத்தாளரான பெண்ணொருத்தி அதைத் தன் பெயரில் வெளியிட்டு விடுகின்றாள். பூசலில் அவள் இறக்க, அவன் கொலைக் குற்றவாளியாக நிற்கின்றான். கலைநோக்கில் இதைச் சிறந்த நாவல் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கறுப்பன் நாவல் எழுதியிருக்க முடியுமா என்று நீதிமன்றம் ஐயுறும் பகுதி, அதை எழுதியவரின் வாழ்க்கையிலிருந்தே வந்தது என்பது விளங்கும். 1960-இல் வெளிவந்த ‘கடவுளின் மரத்துண்டுகள்’ வேறு தரத்தது. இரயில் வேலைநிறுத்தத்தைப் பொருளாகக் கொண்டது. தனித் தலைவன் என்று ஒருவன் இல்லாமல் ஒரு மக்கட் கூட்டமே காப்பியத் தலைமை ஏற்கின்றது. தியெஸ் நகரிலிருந்து டாக்கார் வரை பெண்கள் நடந்து செல்லும் பகுதி அந்நூலின் உச்சம். இந்நூலோடு செம்பேன் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையில் முன்னிடம் பெற்றார்.

இங்கேதான் திருப்பம் நேர்ந்தது. அதே 1960-இல் செனகல் விடுதலை பெற்றது. செம்பேன் தாயகம் திரும்பி, ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிற் பயணம் செய்தார். காங்கோ ஆற்றின் வழியே சென்ற பயணத்தில் தமக்கு ஓர் உண்மை புலப்பட்டதாக அவர் பின்னர்க் கூறியதுண்டு. தம்முடைய நூல்கள் பிரெஞ்சு மொழியில் இருக்கின்றன. அவற்றிற் பேசப்படும் இரயில் தொழிலாளியும் அவன் மனைவியும் அவற்றைப் படிக்க இயலாது. படிப்பவர்கள் ஐரோப்பியரும், ஐரோப்பியரிடம் கற்ற சிறு கூட்டத்தாரும். யாருக்காக எழுதினாரோ அவருக்கு எட்டாத எழுத்து. ஆனால் படத்தைப் பார்க்க எழுத்தறிவு வேண்டா. ஆண், பெண், முதியவர், குழந்தை யாவரும் ஒரே திரையின் முன் அமரலாம். திரைப்படத்தை அவர் மாலைப் பள்ளி என்றே அழைத்தார். பகற்பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவர் வாயில் அச்சொல் பொருளோடு பொலிகின்றது.

1962-இல், முப்பத்தொன்பது வயதில், அவர் மாஸ்கோ சென்று கார்க்கி படநிலையத்தில் ஏறத்தாழ ஓராண்டு பயின்றார். மார்க் தோன்ஸ்கோய் அவருடைய ஆசிரியர். மாக்சிம் கார்க்கியின் வரலாற்றை மூன்று படங்களாக எடுத்தவர் இவர். கார்க்கியும் பள்ளிப் படிப்பு வாய்க்கப் பெறாதவர். சுமை தூக்கி, ரொட்டிக் கிடங்கில் உழைத்து எழுத்தாளரானவர். இவ்வாசிரியருக்கு இம்மாணாக்கர் வாய்த்தது நல்லூழ் என்க.

ஆப்பிரிக்கர் படமெடுக்கப் பிந்தியதற்கு ஆற்றலின்மை காரணமன்று. 1934-இல் பிறப்பிக்கப்பட்ட, லவால் ஆணை எனப்படும் ஒரு சட்டம் இருந்தது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் யார் படமெடுக்கலாம், எதை எடுக்கலாம் என்பதை அரசே உறுதி செய்தது. வியேராவும் நண்பர்களும் 1955-இல் தம் படத்தை ஆப்பிரிக்காவில் எடுக்காமல் பாரிஸில் எடுத்தது இந்நிலையினால்தான். ஆப்பிரிக்காவைப் பற்றிய படங்கள் இல்லாமலில்லை. காடும் விலங்கும் கூத்துமாக ஐரோப்பியர் எடுத்த படங்கள் நிறைய இருந்தன. அவற்றில் ஆப்பிரிக்கன் பேசமாட்டான்.

செம்பேன் 1963-இல் எடுத்த ‘போரோம் சாரே’ ஏறத்தாழ இருபது நிமிடமே ஓடும். வண்டிக்காரன் என்பது பெயரின் பொருள். டாக்காரின் ஏழைப் பகுதியில் குதிரை வண்டி ஓட்டும் ஒருவனின் ஒருநாள் வாழ்க்கை அது. காலையில் தொழுதுவிட்டுப் புறப்படுகின்றான். ஏறுவோர் பலர் காசு தருவதில்லை. கேட்கவும் அவனுக்கு மனமில்லை. தன் முன்னோர் புகழை ஒரு பாணன் பாடக் கேட்டு மயங்கி, கிடைத்த காசையெல்லாம் அவனுக்குக் கொடுத்து விடுகின்றான். இறந்த குழந்தையைச் சுமந்து ஒருவன் ஏறுகின்றான். தாள்கள் சரியில்லை என்று இடுகாட்டுக்காரன் அடக்கம் செய்ய மறுக்கின்றான். பின்னர் நன்கு உடுத்திய ஒருவன், வண்டிகள் செல்லத் தடையுள்ள மேட்டுக்குடிப் பகுதிக்குப் போகச் சொல்கின்றான். போனால் காவலன் நிறுத்துகின்றான். வண்டிக்காரனின் போர்ப்பதக்கம் கீழே விழ, அதன்மேற் காவலனின் காலணி மிதிக்கின்றது. ஏறி வந்தவன் நழுவிவிடுகின்றான், வண்டி பறிமுதலாகின்றது. வெறுங்கையோடு குதிரையை நடத்திக்கொண்டு வீடு திரும்பியவனிடம் மனைவி குழந்தையைக் கொடுத்துவிட்டு, இன்றிரவு நாம் உண்போம் என்று சொல்லி வெளியே போகின்றாள். எங்கே போகின்றாள் என்பதைப் படம் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் படம் சிறுத்திருக்கும்.

விடுதலைக்குப் பின் எடுத்த படம் இது என்பதை மறத்தலாகாது. மேட்டுப் பகுதியில் முன்பு வெள்ளையர் இருந்தனர். இப்போது கறுப்பரும் உள்ளனர். வண்டிக்காரனுக்குத் தடை மட்டும் நீங்கவில்லை. வெள்ளையனைக் குறை கூறுவது விடுதலை பெற்ற நாட்டில் எளிது. செம்பேன் தம் மக்களிடமே திரும்பிக் கேட்டார்.

1966-இல் வந்த முதல் நெடும்படம் ‘கறுப்பி’ என்று சுருங்கச் சொல்லத் தக்கது. செய்தித்தாளில் வந்த உண்மை நிகழ்ச்சியொன்றிலிருந்து அவர் முன்பு எழுதிய சிறுகதையே மூலம். ஜுவானா என்னும் டாக்கார்ப் பெண் பிரெஞ்சுக் குடும்பமொன்றில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சேர்கின்றாள். அவர்கள் தம் நாட்டுக்கு அழைக்க, கனவுகளோடு போகின்றாள். அங்கே சமையலும் துடைத்தலுமே வேலை. அடுப்படியும் நாற்சுவரும் தவிர அவள் பிரான்சைப் பார்க்கவில்லை. அவள் தாயின் கடிதத்துக்கு எசமானரே அவள் பெயரால் மறுமொழி எழுதத் தொடங்கும்போது, அது தன் சொல்லன்று என்று தாளைக் கிழித்துவிடுகின்றாள். முடிவில் குளியலறையில் உயிரை மாய்த்துக்கொள்கின்றாள். அவளுடைய பெட்டியோடும், அவள் முன்பு அன்பளிப்பாகக் கொடுத்த மரமுகமூடியோடும் எசமானர் டாக்கார் வந்து தாயிடம் சம்பளப் பணத்தை நீட்டுகின்றார். தாய் வாங்கவில்லை. சிறுவன் ஒருவன் அம்முகமூடியை அணிந்து அவர் பின்னாலேயே நடக்கின்றான். அவர் விரைய, அவனும் தொடர்கின்றான். இப்படம் பிரான்சின் ழான் விகோ பரிசையும், தூனிசியாவின் கார்த்தேஜ் விழாவில் முதற்பரிசையும் பெற்றது.

பரிசுகள் வந்தாலும் படத்தில் ஒரு முரண் இருந்தது. எழுத்தறியாத ஜுவானாவின் உள்ளத்து நினைவுகள் பிழையற்ற பிரெஞ்சில் ஒலிக்கின்றன. வண்டிக்காரனும் அப்படியே பிரெஞ்சில் நினைத்தான். எந்த மொழிச் சுவரைத் தாண்டுவதற்காகப் படமெடுக்க வந்தாரோ, அச்சுவர் படத்துக்குள்ளேயே நின்றது. பிறர் சொல்லும் முன்னரே செம்பேன் இதை உணர்ந்திருந்தார் என்பதற்கு அடுத்த படம் சான்று.

அதுதான் 1968-இல் வந்த ‘மந்தாபி’. செனகல் மக்களுள் மிகப் பலர் பேசும் வோலோஃப் மொழியில் எடுத்தது. பணவுதவி பிரெஞ்சு அரசின் திரைப்பட நிதியிலிருந்து வந்தமையால் பிரெஞ்சுப் பேச்சோடும் ஒரு படி எடுக்க வேண்டியிருந்தது. வோலோஃப் படியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஓர் ஆப்பிரிக்க மொழியில் வந்த முதல் நெடும்படமாக இதைப் போற்றுவர். பெயரையே பாருங்கள். ‘மந்தா’ என்பது மணியார்டரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். ‘பி’ என்பது அப்பொருளைச் சுட்டி நிற்கும் வோலோஃப் இடைச்சொல். ஆட்சியாளர் மொழியின் சொல்லைப் பிடித்துத் தம் மொழியின் இலக்கணத்துக்குட்படுத்தி மக்கள் பேசுகின்றனர். அதையே அவர் தலைப்பாக்கினார்.

கதை எளிது. இப்ராகிமா டியெங் வேலையற்றவர். இரண்டு மனைவியர், ஏழு குழந்தைகள். பாரிஸில் தெருக்கூட்டும் மருமகன் 25,000 பிராங்குக்கு மணியார்டர் அனுப்புகின்றான். இருபதாயிரத்தைத் தனக்குச் சேமித்து வைக்கவும், மூவாயிரத்தைத் தன் தாயிடம் கொடுக்கவும், இரண்டாயிரத்தை மாமன் வைத்துக்கொள்ளவும் எழுதியிருக்கின்றான். பணம் கைக்கு வருமுன்னரே மனைவியர் கடையிற் கடனுக்கு வாங்கிச் சமைத்துவிடுகின்றனர். செய்தி பரவி அண்டையார் கைம்மாற்றுக் கேட்டு வருகின்றனர். அஞ்சல் நிலையத்தில் அடையாளக் கார்டு கேட்கின்றனர். அடையாளக் கார்டுக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். பிறப்புப் பத்திரத்துக்குப் பிறந்த நாள் தெரிய வேண்டும். தாம் பிறந்த ஊரிலேயே, தம் அரசின் அலுவலகத்திலேயே, தாம் யார் என்று மெய்ப்பிக்க முடியாமல் அந்த முதியவர் வாயிலுக்கு வாயில் அலைகின்றார். எழுத்தர்கள் பிரெஞ்சிற் பேசுகின்றனர். நிழற்படம் எடுப்பவன் ஏமாற்றுகின்றான். முடிவில் படித்த உறவினன் ஒருவனிடம் உரிமைத்தாள் எழுதிக் கொடுக்க, பணத்தை அவனே விழுங்கிவிட்டுச் சமாதானமாக ஒரு மூட்டை அரிசியைத் தருகின்றான். மலேசியத் தோட்டப்புறங்களில் பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாளக் கார்டுக்கும் அலைந்து தேய்ந்த பெரியவர்களை அறிந்தோர்க்கு இப்படத்தில் விளக்கம் தேவைப்படாது. சிரித்துக்கொண்டே பார்க்கத் தொடங்கி, பாதியில் சிரிப்பு அடங்கிவிடும்.

இனி நேர்மையாய் இருப்பது குற்றம் என்று டியெங் முடிவு செய்யும்போது, அஞ்சற்காரர், நாம் இதை மாற்றுவோம் என்கின்றார். செம்பேனின் குறையும் இங்கேதான் தெரிகின்றது. கதையே சொல்லிவிட்டதை ஒரு பாத்திரத்தின் வாயால் மீண்டும் சொல்ல வைப்பார். பள்ளி என்று படத்தை அழைத்தவரிடம் பாடம் நடத்தும் ஆசை இருத்தல் இயல்பே. ‘போரோம் சாரே’யின் இறுதியில் காட்டிய அடக்கம் எப்போதும் அவருக்கு வாய்க்கவில்லை.

1970-களின் தொடக்கத்தில் மொழியறிஞர் பாத்தே தியான்யுடன் சேர்ந்து ‘கட்டு’ என்னும் வோலோஃப் இதழை நடத்தினார். 1971-இல் வந்த ‘எமிதாய்’ படம், உலகப் போரின்போது பிரெஞ்சுப் படைக்கு நெல்லைக் கொடுக்க மறுத்த தியோலாப் பெண்களைப் பற்றியது. 1975-இல் வந்த ‘ஹாலா’ புதுப் பணக்காரரை எள்ளியது. அதில் மகள் வோலோஃபிற் பேச, தந்தை பிரெஞ்சில் மறுமொழி கூறுவார். தணிக்கையாளர் பல இடங்களில் வெட்டினர். செம்பேன் எவ்விடங்கள் வெட்டப்பட்டன என்று துண்டறிக்கை அச்சிட்டுப் பார்வையாளரிடம் கொடுத்தார்.

அதனினும் சுவையானது 1977-இல் வந்த ‘செட்டோ’வின் கதை. அயல் சமயமும் அடிமை வாணிகமும் நுழைந்த காலத்தில் பணிய மறுத்த மக்களைப் பற்றிய வரலாற்றுப் படம் இது. செனகலில் இதைத் திரையிட அரசு தடை விதித்தது. கூறப்பட்ட காரணம் எழுத்துப் பிழை! ‘செட்டோ’ என்னும் சொல்லை உரோமன் எழுத்தில் எழுதும்போது ‘டி’ என்னும் எழுத்து ஒன்று போதும் என்பது அரசாணை. செம்பேன் இரண்டு போட்டிருந்தார். நாட்டின் தலைவர் லெயோபோல்ட் செங்கோர் பெருங்கவிஞர்; பிரெஞ்சு இலக்கணத்தில் உயர்பட்டம் பெற்றவர்; வோலோஃபில் ஒற்று இரட்டிப்பதைப் பற்றி ஆணையே பிறப்பித்தவர். செம்பேனோ பள்ளியைப் பாதியில் விட்டவர். தம் மக்கள் நாவில் அவ்வெழுத்து அழுந்தி ஒலிக்கின்றது, ஆகவே இரட்டித்தே எழுதுவேன் என்று நின்றார். ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் கற்பிக்கும் தமிழாசிரியர்கள் இவ்வழக்கைக் கேட்டு முறுவலிப்பர். ஒரு மொழியின் எழுத்து முறையை முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பதே அங்கு உண்மை வழக்கு. சமயத் தலைவர்களின் சினத்துக்கு அஞ்சியதும் தடையின் உள்நோக்கம் என்பர். ஓரெழுத்தை நீக்கியிருந்தால் அந்தச் சாக்காவது போயிருக்கும். அவர் நீக்கவில்லை. செங்கோர் 1980-இன் இறுதியில் பதவி விலகும்வரை படம் செனகலிற் திரையேறவில்லை.

பதினோர் ஆண்டுகள் கழித்து, 1988-இல், தியெர்னோ ஃபாத்தி சோவுடன் இணைந்து ‘தியாரோய் முகாம்’ எடுத்தார். சேர வேண்டிய சம்பளத்தைக் கேட்ட ஆப்பிரிக்கப் படைவீரர்களை, 1944 டிசம்பர் முதல் நாள், டாக்காரை அடுத்த தியாரோயில் பிரெஞ்சுப் படையே சுட்டுக் கொன்றது. முப்பத்தைந்து பேர் மாண்டனர் என்பது அன்று அரசு கூறிய கணக்கு. வரலாற்றாசிரியர் பலர் அதை ஏற்பதில்லை. அதைப் படுகொலை என்று பிரான்சின் அதிபர் ஒப்புக்கொண்டது 2024-ஆம் ஆண்டில். படமோ முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றிருந்தது.

கடைசிப் படமான ‘மூலாதே’ 2004-இல் வந்தது. அடைக்கலம் என்பது அச்சொல்லின் பொருள். பெண்குழந்தைகளின் உறுப்பை அறுக்கும் வழக்கத்துக்கு அஞ்சி ஓடிவந்த சிறுமியருக்கு அடைக்கலம் கொடுத்து, வாயிலில் ஒரு வண்ணக் கயிற்றைக் கட்டி ஊரையே எதிர்த்து நிற்கும் ஒரு தாயின் கதை. பெண்கள் கேட்கும் வானொலிப் பெட்டிகளைப் பறித்துப் பள்ளிவாசல் முன் குவித்து ஆண்கள் எரிக்கின்றனர். குவியலிற் கிடந்தபடியே சில பெட்டிகள் பேசிக்கொண்டிருக்கின்றன. எண்பத்தொரு வயதில் எடுத்த படம் இது. கான் விழாவிற் பரிசு பெற்றது.

டாக்காரின் கடற்கரைப் பகுதியாகிய யோஃபில் அவர் தமக்கொரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவ்வீட்டிலேயே 2007 ஜூன் 9-ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதிற் காலமானார். வீட்டுக்கு அவர் இட்டிருந்த பெயர் ‘கால்லே செட்டோ’, செட்டோவின் இல்லம். அதிலும் ‘டி’ இரண்டு.